குதிரைக்கு முன்னால் ஒரு கில்ட்

வேட்டி கட்டிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியில் ஸ்காட்லாந்து வருகிறது.

விஸ்கி பாட்டில் லேபிளிலோ, பிஸ்கட் டப்பா மூடியிலோ, வாடகைக்கு எடுத்த டிவிடி அட்டையிலோ அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பனிமூட்டம். மலைச்சரிவு. முன்னங்கால் தூக்கிய குதிரை. மேலே தாடி வைத்த ஒரு மாவீரன். இடுப்பில் கட்டம் போட்ட கில்ட், கையில் வாள், கண்ணில் சுதந்திர தாகம். எல்லாரும் வாளைப் பார்த்துச் சிலிர்ப்பார்கள். எனக்கு மட்டும் வேறொரு சந்தேகம். அந்த மனுஷன் எப்படி ஐயா உட்கார்ந்திருக்கிறார்?

சிரிக்க வேண்டாம், சீரியஸாகத்தான் கேட்கிறேன். கில்ட் என்பது முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு தட்டைத் துண்டு, பின்பக்கம் முழுக்கக் கொசுவம். இன்றைக்கு ஒரு நல்ல கில்ட் தைக்க 8 கெஜம் கம்பளித் துணி போகிறது. நம் பாட்டிகளின் மடிசாருக்கு ஒரு கெஜம்தான் குறைச்சல். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மடிசாருக்குக் கச்சம் உண்டு, கில்ட்டுக்குக் கிடையாது. ஆக, மடிசார் கட்டிய பாட்டி தாராளமாகக் குதிரை ஏறலாம். கில்ட் கட்டிய தாத்தா கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எதற்கு யோசனை? குதிரை ஏறுவது என்றால் காலை அகட்டி உட்காருவது. அகட்டிய மாத்திரத்தில் முன்பக்கத் துணி முழங்காலை விட்டுத் தொடைக்கு மேலே பயணம் புறப்படுகிறது. பின்பக்கக் கொசுவம் சேணத்தின்மேல் மூட்டையாகக் குவிகிறது. நடுவில்? நடுவில் ஸ்காட்லாந்தின் குளிர்காற்று. கொசுவத்தைத் தொடைக்கு அடியில் சுருட்டிக்கொண்டு, முன்துணியைத் தொடைகளுக்கு நடுவே அமுக்கிக்கொண்டால் ஒருவழியாக மானம் தப்பும். இதற்கு இரண்டு கையும் வேண்டும். அப்புறம் கடிவாளத்தை யார் பிடிப்பது?

இருங்கள், இன்னொரு ஐட்டம் பாக்கி. ஸ்போரன். கில்ட்டில் பாக்கெட் கிடையாது என்பதால் முன்னால் தொங்கவிடும் தோல்பை. நிற்கும்போது அது பேப்பர் வெயிட் மாதிரி. துணி பறக்காமல் காவல் காக்கும். குதிரை துள்ளுநடை போட ஆரம்பித்துவிட்டால், அதே பை ஒரு தாளக்கட்டோடு எழுந்து எழுந்து விழும். எங்கே விழும் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

கில்ட்டின் ஓரத்தில் வாள் வடிவில் ஒரு பின் பளபளக்குமே, அதாவது காப்பாற்றுமா என்று கேட்கலாம். காற்றில் தவித்த ஒரு சிப்பாய்க்கு விக்டோரியா ராணியே தன் பின்னைக் கழற்றிக் கொடுத்தார் என்று அதற்கு ஒரு தல புராணம்கூட உண்டு. விஷயம் என்னவென்றால், இரண்டு துண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழிந்துவிடும் என்று மேல் துண்டில் மட்டும்தான் அதைக் குத்துவார்கள். அதாவது, பூட்டு போட்டாயிற்று, கதவில் அல்ல, காலண்டரில்.

இதெல்லாம் வெளியே தெரிகிற கஷ்டம். தெரியாத கஷ்டம் தொடையின் உள்பக்கம். வெறும் தோல், அதற்குக் கீழே சேணத்தின் தோல், நடுவில் வியர்வை. அங்கவடி வார் வேறு வந்து கிள்ளும். மானம் போனால் ஊருக்குத் தெரியும். தோல் போனால் ராத்திரி விளக்கெண்ணெய் தடவும்போதுதான் தெரியும்.

உலகத்தில் பேன்ட் என்ற சமாசாரம் பிறந்ததே இந்த எரிச்சலில்தான் என்று தோன்றுகிறது. சீனாவின் மேற்கு மூலையில் யாங்ஹாய் என்ற இடத்தில் கல்லறைகளைத் தோண்டியபோது சுமார் 3000 வருஷப் பழைய கம்பளிக் கால்சட்டைகள் கிடைத்தன. கவட்டில் தனியாக ஒரு துண்டு வைத்து, குதிரை ஏறுவதற்கென்றே நெய்தவை. கி.மு. 307இல் சீனத்தின் சாவோ நாட்டு அரசர் வூலிங், தன் படை குதிரையேற வேண்டுமென்றால் அங்கியைக் கழற்றிவிட்டு, எதிரிகளான நாடோடிகள் மாதிரிக் கால்சட்டை போடணும் என்று உத்தரவு போட்டார். பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். அரசர் அசரவில்லை. குதிரையைக் கேட்டிருந்தாலும் அரசர் பக்கம்தான் ஓட்டுப் போட்டிருக்கும்.

அப்படியென்றால் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மட்டும் இது தெரியாமலா போச்சு? அதெப்படி! நன்றாகத் தெரியும். தெரியாதது சினிமாக்காரர்களுக்குத்தான்.

1995இல் வந்த பிரேவ்ஹார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல் கிப்சன், வில்லியம் வாலஸாக, கில்ட் மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் நீலச் சாயம் அடித்து, குதிரையில் இங்குமங்கும் போய்ச் சொற்பொழிவு ஆற்றுவார். வாலஸ் ஸ்டர்லிங் பாலத்தில் ஜெயித்தது 1297இல். கில்ட்டின் மூதாதையான இடுப்புப்பட்டை போட்ட போர்வை வந்ததே சுமார் 300 வருஷம் கழித்து. தவிர, வாலஸ் ஹைலேண்ட் மலையாளே அல்ல; கீழ்நாட்டுச் சின்ன ஜமீன் வீட்டுப் பிள்ளை. ராஜராஜ சோழன் சஃபாரி சூட்டில் தஞ்சாவூர்க் கோயிலைப் பார்வையிட்டார் என்று படமெடுத்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி. படத்தில் வரும் ஸ்டர்லிங் பாலப் போரில் பாலத்தையே காணோம் என்பது தனிக் கதை. படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. வாலஸ் நினைவுக் கோபுரத்தின் கார் பார்க்கிங்கில் ஒரு வாலஸ் சிலையும் வந்தது, மெல் கிப்சன் முகஜாடையோடு. உள்ளூர்க்காரர்கள் அடித்து உடைக்க ஆரம்பித்ததும் சுதந்திர வீரரைக் கூண்டில் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று.

சரி, நிஜ மலையாட்கள் என்ன செய்தார்கள்? அவர்களுடைய பழைய உடுப்பு, பெரிய பிளெய்டு. ஆளை முழுசாகப் போர்த்தும் நீளக் கம்பளம். கொசுவம் வைத்து இடுப்பில் பெல்ட் கட்டினால் கீழ்ப்பாதி பாவாடை, மேல்பாதி அங்கவஸ்திரம். மழை வந்தால் குடை, ராத்திரி வந்தால் போர்வை. ஓடை, சேறு, செங்குத்துச் சரிவு எல்லாவற்றிலும் நடந்தே போகிறவனுக்கு இதைவிட நல்ல உடுப்பு கிடையாது. நனைகிற இடத்தில் துணியே இல்லையே! கவனியுங்கள், நடந்தே போகிறவனுக்கு.

குதிரை வைத்திருந்தவர்கள்? அவர்கள் போட்டது ட்ரூஸ். டார்ட்டன் என்ற கட்டம் போட்ட துணியை மூலைவாட்டில் வெட்டித் தைத்தால் அது உடம்போடு இழுத்துப் பிடிக்கும். காலுறையும் கால்சட்டையும் ஒரே பீஸாக, சிக்கென்று. இன்றைய பாஷையில் சொன்னால் கட்டம் போட்ட லெகிங்ஸ். ஐந்தாம் ஜேம்ஸ் அரசர் 1538இல் தனக்கு ஹைலேண்ட் பாணியில் ஒரு டிரெஸ் தைக்கச் சொன்னபோது, டார்ட்டன் துணியை இடுப்பில் சுற்றவில்லை; காலுக்கு மாட்டும் ஜோடாகத்தான் தைத்துக்கொண்டார். ஆக மொத்தத்தில், அந்த ராஜ்யத்தில் லெகிங்ஸை முதலில் பிரபலப்படுத்தியவர்கள் காலேஜ் பெண்கள் அல்ல, வாள் வைத்திருந்த ஆண்கள்.

இதை நேரில் பார்த்து எழுதிவைத்த ஒரு புண்ணியவான் இருக்கிறார். எட்மண்ட் பர்ட். ஜெனரல் வேட் ஹைலேண்ட் மலைகளில் ரோடு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், அரசாங்க வேலையாக இன்வர்நெஸ் பக்கம் வந்து மாட்டிக்கொண்ட ஆங்கிலேயர். ஊருக்கு எழுதிய கடிதங்கள் 1754இல் புத்தகமாக வந்தன. மனிதருக்குக் கில்ட் பெரிய அதிர்ச்சி. காற்று அடித்தால், மேடு ஏறினால், குனிந்தால், இந்த மூன்று சந்தர்ப்பத்திலும் தெரியக்கூடாதது தெரிகிறது என்று துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறார். ஹைலேண்ட்ஸ் என்பதே காற்றும் மேடும்தான். பாவம், அவர் கண்ணை எங்கேதான் வைத்துக்கொண்டாரோ!

ஆனால் பர்ட்டின் நிஜமான பொக்கிஷம் வேறு. குலத்தலைவர் வெளியே கிளம்பினால் கூட யார் யார் போவார்கள் என்று ஒரு பட்டியல் தருகிறார். நம்மூர் மந்திரி கான்வாய் தோற்றது. பக்கத்திலேயே நிற்கும் மெய்க்காவலன், புகழ் பாடக் கவிராயர், தலைவர் சார்பில் பேச ஒரு பேச்சாளர், வாளைத் தூக்க ஒருவர், மூட்டை தூக்க ஒருவர், பைப் வாசிக்க ஒருவர், அந்தப் பைப்பைத் தூக்க இன்னொருவர். ஓடை வந்தால் தலைவரின் கால் நனையாமல் முதுகில் சுமந்து கடக்கத் தனியாக ஒரு உத்தியோகம்! இவர்களில் பலர் கில்லி என்றழைக்கப்பட்ட எடுபிடிகள். நம் விஜய் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்தப் பட்டியலில் ஒரு பதவிதான் இந்தக் கட்டுரையின் ஹீரோ. கில்லி கம்ஸ்ட்ரெய்ன். கரடுமுரடான பாதையில் தலைவரின் குதிரையைக் கடிவாளம் பிடித்து நடத்திப் போகிறவன். காட்சியைப் பாருங்கள். மேலே ட்ரூஸ் போட்ட தலைவர். கீழே பிளெய்டு சுற்றிய கில்லி. கனவான்களைத் தவிர ட்ரூஸ் போடுகிறவர்கள் குறைவு என்று பர்ட்டே சொல்கிறார். ஆக, நம் கேள்விக்கு விடை கிடைத்தாயிற்று. கில்ட் கட்டிக்கொண்டு மானத்தோடு குதிரை ஏறுவது எப்படி? ஏறவே மாட்டார்கள். முன்னால் நடப்பார்கள்.

இப்போது நாம் பார்க்கிற, இடுப்புக்குக் கீழே மட்டும் உள்ள சின்னக் கில்ட்டின் பிறப்பும் கூலிக்காரன் கதைதான். அதையும் கேட்டால் ஸ்காட்லாந்துக்காரர்களுக்குக் கோபம் வரும். க்ளெங்கரி பகுதியில் இரும்பு உலை நடத்த வந்த தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர், தன் ஆட்கள் அந்தப் பெரிய கம்பளத்தோடு மரம் வெட்டியும் உலை ஊதியும் தவிப்பதைப் பார்த்து, மேல்பாதியை வெட்டிவிட்டார் என்று 1785இல் அச்சான ஒரு கடிதம் சொல்கிறது. வரலாற்றாசிரியர் ட்ரெவர்-ரோப்பர் 1983இல் இதைத் தூக்கிப் பிடித்து எழுத, அதெல்லாம் அதற்கு முன்னாலேயே இருந்தது என்று எதிர்ப்பட்டாளம் கிளம்ப, சண்டை இன்னும் ஓயவில்லை. தேசிய உடையை ஃபேக்டரி யூனிஃபார்ம் என்று, அதுவும் ஒரு இங்கிலீஷ்காரர் தைத்துக் கொடுத்தது என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அடுத்து வருகிறார் இளவரசர் சார்லி. பிஸ்கட் டப்பாக்களின் நிரந்தர கதாநாயகன். பறிபோன ஸ்டூவர்ட் சிம்மாசனத்தைப் பிடிக்க 1745இல் வந்து இறங்கி, ஹைலேண்ட் படையோடு எடின்பரோவுக்குள் நுழைகிறார். செப்டம்பர் 17. ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம். முதலில் கொஞ்ச தூரம் நடக்கிறார், பிறகு குதிரை ஏறுகிறார். என்ன உடை? மேலே டார்ட்டன் கோட், தலையில் நீலத் தொப்பி. ஆஹா, ஹைலேண்ட் வீரன்! கொஞ்சம் கீழே பாருங்கள். சிவப்பு வெல்வெட்டில் பிரீச்சஸ் கால்சட்டை, மிலிட்டரி பூட்ஸ். லாக்டவுன் காலத்தில் ஸூம் மீட்டிங்குக்கு மேலே ஃபார்மல் ஷர்ட்டும் கீழே லுங்கியுமாக உட்கார்ந்தோமே, அதே டெக்னிக்தான். இவர் லுங்கியை மேலே போட்டுக்கொண்டார்.

சார்லிக்குப் பாவாடை அனுபவமே இல்லையா என்றால், உண்டு. அது வேறு மாதிரி அனுபவம். 1746 ஏப்ரலில் கல்லோடன் களத்தில் படை தவிடுபொடியானது. தலைக்கு 30,000 பவுண்டு விலை. ஃப்ளோரா மெக்டொனால்ட் என்ற இளம்பெண், இளவரசரைத் தன் ஐரிஷ் வேலைக்காரி பெட்டி பர்க் என்று சொல்லி, கவுன் மாட்டிவிட்டு ஸ்கை தீவுக்குக் கூட்டிப்போனாள். தீவில் நடந்து போகிற வழியில் ஓடை. பெட்டி பர்க் அம்மையார் பாவாடையை எவ்வளவு தூக்க முடியுமோ அவ்வளவு தூக்கிக்கொண்டு இறங்கினார். அடக்கம், அடக்கம் என்று கூட வந்தவர்கள் பதறினார்கள். சரி என்று அடுத்த ஓடையில் தூக்கவே இல்லை. பாவாடை தண்ணீரில் மிதந்து வந்தது. பிரிட்டன் சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டவருக்கு ஒரு பாவாடையை நடுத்தரமாகத் தூக்கத் தெரியவில்லை.

தோற்றவர்களின் உடுப்பின்மேல் லண்டன் கோபத்தைக் காட்டியது. 1747 ஆகஸ்ட் 1 முதல் பிளெய்டு, கில்ட், ட்ரூஸ் எதுவும் கூடாது. முதல் தடவை மாட்டினால் ஆறு மாதம் ஜெயில், ஜாமீன் கிடையாது. இரண்டாம் தடவை ஏழு வருஷம் கடல் கடந்த தோட்டங்களுக்கு நாடு கடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவனுக்கு மட்டும் விதிவிலக்கு. அரசாங்கத்துக்காகச் சண்டை போட்டால் கட்டிக்கொள்ளலாம். ஆடு மேய்க்கும்போது கட்டினால் தேசத் துரோகம்.

மலையாட்கள் என்ன செய்தார்கள் என்பதை டேவிட் ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரி 1822இல் எழுதிவைத்திருக்கிறார். சிலர் பிரீச்சஸைக் கம்பில் மாட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்களாம். உடம்பில் எந்தப் பாகத்தில் மாட்டணும் என்று சட்டம் சொல்லவில்லையே! ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டுகிற நம் இளைஞர்கள் இவர்களின் பேரப்பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னும் சிலர் அதைவிடக் கெட்டிக்காரர்கள். கில்ட்டின் நடுவே, இரண்டு தொடைக்கும் இடையில், நாலு தையல் போட்டார்கள். இது கில்ட் இல்லை ஐயா, டச்சு மாலுமி போடுகிற கால்சட்டை! 1757இல் இப்படி ஒருவர் கோர்ட்டில் தையலைக் காட்டியே விடுதலையானார். உங்களுக்குப் புரிகிறதா? நாம் தார்ப்பாய்ச்சிக் கட்டு என்று சொல்கிற அதே கச்சம். குதிரை ஏறத் தேவையான ஒரே திருத்தம். கில்ட்டின் சரித்திரத்தில் குதிரை ஏற லாயக்கான மாடல் ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதைக் கண்டுபிடித்தவர்களிடம் குதிரை இல்லை.

தடை 1782இல் நீங்கியது. நடுவிலேயே ஹைலேண்ட் ரெஜிமெண்டுகள் ஐரோப்பா முழுக்கக் கில்ட்டோடு புகழ் பெற்றுவிட்டன. 1815 வாட்டர்லூவைப் பற்றி ஸ்காட்லாந்தில் மெய்சிலிர்க்கச் சொல்லும் காட்சி ஒன்று உண்டு. ஸ்காட்ஸ் கிரேஸ் குதிரைப்படை பாய்கிறது; கோர்டன் ஹைலேண்டர்கள் அவர்களின் அங்கவடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே எதிரி மேல் பாய்கிறார்கள். ஓடுகிற குதிரையின் அங்கவடியைப் பிடித்தவன் பாய்வானா, இல்லை இழுபட்டுப் போவானா என்று வரலாற்றாசிரியர்கள் இழுக்கிறார்கள். விடுங்கள், கட்டுக்கதையாகவே இருக்கட்டும். அந்தக் கதையிலும் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? கால்சட்டை மேலே. கில்ட் கீழே, ஓட்டத்தில்.

அதே வருஷம் ஆகஸ்ட்டில் பாரிஸ் எலிசே மாளிகையில் நடந்த சம்பவத்துக்குச் சாட்சி இருக்கிறது. ரஷ்ய ஜார் அலெக்சாண்டருக்கு ஹைலேண்ட் சிப்பாய்களைக் கிட்டத்தில் பார்க்க ஆசை. மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அதில் சார்ஜென்ட் தாமஸ் கேம்பெல் நடந்ததைச் சொல்லிவைத்திருக்கிறார். ஜார் முதலில் காலுறையைத் தடவிப் பார்த்தார். பிறகு தொடையைக் கிள்ளிப் பார்த்தார், உள்ளே ஏதோ போட்டிருக்கிறான் என்ற சந்தேகத்தில். கடைசியில் ஏமாந்துவிடக் கூடாதே என்று கில்ட்டைத் தொப்புள் வரைக்கும் தூக்கியே பார்த்துவிட்டார். நெப்போலியனை மாஸ்கோவிலிருந்து விரட்டிய சக்கரவர்த்தி! கில்ட் போட்டவர்களிடம் இன்றைக்கும் டூரிஸ்டுகள் கேட்கிற அதே கேள்வியை, கேட்காமலே விடை கண்டுபிடித்த ஒரே ஆள்.

இனி 1822. எடின்பரோவுக்கு நான்காம் ஜார்ஜ் விஜயம். ஆளும் அரசர் ஒருவர் ஸ்காட்லாந்தில் கால் வைத்து 170 வருஷம் ஆகிவிட்டது. விழாக் கமிட்டித் தலைவர் யார் தெரியுமா? நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். ஒரு கதாசிரியரிடம் அரசு விழாவை ஒப்படைத்தால் என்ன ஆகும்? ஊரே கதை ஆகும். ஹைலேண்ட் ஆட்டத்துக்கு வருகிறவர் யூனிஃபார்மில் வராவிட்டால் முழு ஹைலேண்ட் உடுப்பில்தான் வரணும் என்றார் ஸ்காட். நேற்றுவரை மலையாட்களைத் திருட்டுப் பசங்கள் என்று சொன்ன டவுன் கனவான்களெல்லாம் டெய்லரிடம் ஓடினார்கள். எங்கள் குலத்துக்கு எந்தக் கட்டம் என்று டெய்லரையே கேட்டார்கள்.

அரசரின் டிரெஸ்ஸுக்கு ஆன பில் 1,354 பவுண்டு 18 ஷில்லிங். ஆளோ மகா கனம். இரண்டு வருஷம் கழித்துத் தைத்த கார்செட்டுக்கு இடுப்பளவு 50 அங்குலம். ஆகஸ்ட் 17, ஹோலிரூட் மாளிகையில் தரிசனம் தந்தார். சிவப்புக் கட்டம் பளபளக்க, கில்ட் தேவைக்கு மேல் குட்டையாக, அதற்கடியில் சதை நிறத்தில், ரோஸ் என்றே சொல்லலாம், ஒரு டைட்ஸ். மானம் காக்க மாட்டியதுதான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவர்களுக்கு அது ஒன்றுமே போடாத மாதிரி இருந்திருக்கும். அரசர் இருக்கப்போவது கொஞ்ச நாள்தானே, அதனால் அவரை எவ்வளவு அதிகம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்றாராம் ஒரு சீமாட்டி.

அரசரோடு லண்டனிலிருந்து வந்த சர் வில்லியம் கர்ட்டிஸுக்கும் அதே கட்டத்தில் அதே உடுப்பு. அவரும் குண்டு. பூர்வீகத் தொழில் கப்பல் பிஸ்கட். காலுறையில் கத்தியெல்லாம் செருகியிருந்தார். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் அவரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி, ஸ்பூன் எங்கே என்று கேட்டதாக ஒரு கதை. அரசர் அதன்பிறகு கில்ட்டைத் தொடவே இல்லை. இந்த விஜயத்தில் இரண்டு குண்டு மனிதர்களின் உபயத்தில்தான் கில்ட் தேசிய உடை ஆனது என்றால் நம்புவீர்களா? டேவிட் வில்கி வரைந்த படத்தில் அரசர் இளைத்திருப்பார், கில்ட் நீண்டிருக்கும், டைட்ஸ் மாயமாகியிருக்கும். ஃபோட்டோஷாப் வருவதற்கு முன்னால் அந்த வேலையை ஓவியர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த விழாவில் என் மனதைவிட்டுப் போகாதவர் வேறு ஒருவர். அலஸ்டர் ரானல்ட்சன் மெக்டொனெல், க்ளெங்கரி குலத்தலைவர். ஆமாம், அந்த இரும்பு உலை இருந்த ஊர்தான். அரசரின் ஊர்வலம் வரும்போது, நிகழ்ச்சி நிரலில் எங்கேயும் பெயர் இல்லாமல், குதிரையைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னால் பாய்ந்து வந்து, தொப்பியைக் கழற்றி, தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்டு வரவேற்றார். கட்சி மாநாட்டில் மேடை ஏறி நிற்கிற அழையா விருந்தாளிகளுக்கு ஆதி குரு. உண்மையான ஹைலேண்டர் சங்கம் என்று 1815இல் சொந்தமாக ஒரு சங்கமே ஆரம்பித்தவர். மற்ற சங்கங்களில் இருப்பதெல்லாம் போலி என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர். ரேபர்ன் வரைந்த படத்தில் கில்ட்டும் ஸ்போரனுமாகக் கண்ணைப் பறிப்பார்.

இங்கே கொஞ்சம் சிரிப்பு நிற்கிறது. இந்த உண்மையான ஹைலேண்டரின் நிலத்தில் பரம்பரையாக வாழ்ந்த உண்மையான ஹைலேண்டர்கள் என்ன ஆனார்கள்? ஆட்டுப் பண்ணைக்கு இடம் வேண்டுமென்று கிளப்பப்பட்டார்கள். எக்கச்சக்கமானவர்கள் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே க்ளெங்கரி என்றே ஒரு வட்டாரம் இருக்கிறது. கில்ட் கட்டியவனைக் கப்பலில் அனுப்பிவிட்டுக் கில்ட்டை மட்டும் தலைவர் வைத்துக்கொண்டார். கூலிக்காரன் உடுப்பு முதலாளிக்கு அழகாகத்தான் இருந்தது, கூலிக்காரன் பக்கத்தில் இல்லாதபோது.

ஆனால் குதிரைக்கு இந்த அரசியல் புரியவில்லை. ஹைலேண்ட் ரெஜிமெண்டில் சிப்பாயும் சின்ன அதிகாரியும் கில்ட்டில் நடந்தார்கள். கர்னல், மேஜர், அட்ஜுடன்ட் என்று குதிரை ஏறும் பதவிக்குப் போனவர்கள் சத்தமில்லாமல் ட்ரூஸுக்கோ பிரீச்சஸுக்கோ மாறினார்கள். உலகத்திலேயே புரமோஷன் கிடைத்ததும் பேன்ட் கிடைத்த ராணுவம் அதுவாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு ஸ்காட்லாந்தில் நிஜமாகவே குதிரைகள் திரளுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஜூன் மாதம் எல்லைப்புற ஊர்களுக்குப் போக வேண்டும். செல்கர்க், ஹாவிக். 1513இல் நடந்த ஃப்ளாடன் போரின் நினைவோடு, ஊர் எல்லையைக் குதிரையில் சுற்றிவரும் திருவிழா. நூற்றுக்கணக்கில் குதிரை, மேளம், கொடி, கண்ணீர். சரி, இங்கேயாவது கில்ட் குதிரை ஏறியிருக்கும் என்று ஆசையோடு பார்த்தால், எல்லார் காலிலும் ஜோத்பூர்ஸ். ஆமாம், நம்ம ஜோத்பூர்தான்! சர் பிரதாப் சிங் 1897இல் விக்டோரியாவின் வைர விழாவுக்கு லண்டன் போனபோது பிரபலமான அதே ராஜஸ்தான் கால்சட்டை. டார்ட்டனால் தீர்க்க முடியாத பிரச்னையை ஒரு ரஜபுத்திர டெய்லர் தீர்த்துவைத்திருக்கிறார்.

விக்டோரியா என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்காட்லாந்தில் பால்மோரல் எஸ்டேட்டை வாங்கி, கார்ப்பெட்டிலிருந்து திரைச்சீலை வரை டார்ட்டனால் மூடி, கில்ட் பைத்தியத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் அவரும் கணவர் ஆல்பர்ட்டும்தான். ஆல்பர்ட் போன பிறகு, 1863இல், ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் என்ற போட்டோக்காரர் பால்மோரலில் எடுத்த ஒரு படம் பிரிட்டன் முழுக்க விற்றது. கறுப்பு உடையில், ஃபைவீ என்ற குட்டைக் குதிரையில் ராணி. இரண்டு காலும் ஒரே பக்கம். நீளப் பாவாடை கணுக்கால்கூடத் தெரியாமல் சேணத்தை மூடியிருக்கிறது. கீழே தரையில், கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வேலைக்காரர் ஜான் பிரவுன். முழங்கால் தெரிய, ஸ்போரன் தொங்க, கச்சிதமான கில்ட்.

இந்த இருவரையும் பற்றி ஊர் என்னென்னவோ பேசியது, சினிமாகூட வந்தது. எட்மண்ட் பர்ட் மட்டும் அந்த போட்டோவைப் பார்த்திருந்தால் கிசுகிசு எதுவும் பேசியிருக்க மாட்டார். தன் பழைய பட்டியலைப் புரட்டி, ஜான் பிரவுனின் சரியான பதவியைச் சொல்லியிருப்பார். கில்லி கம்ஸ்ட்ரெய்ன்.